வீராயி தேர்ந்தெடுத்த மோட்டார்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்பது மெல்வினுக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற ஆசிரியர் தேவசிகாமணிக்கு ஆறாவது வளைவு. தையல் வேலை செய்யும் ரூபிக்குப் பதினொன்று. வீராயி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பதினான்கு வரை தாங்குவார். அந்தந்த வளைவு வருவதற்கு முன்பே மெல்வின் ஜீப்பை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிவிடுவான்.

கரடியூரில் இருக்கும் சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்கு அவன் டிரைவர். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இந்த மூன்று பேரையும் சேலத்துக்கு அழைத்துப்போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் முடியும்வரை காத்திருந்து, மறுபடி மேலே கொண்டுவந்து அவரவர் வீட்டில் விடுவான். போகும்போது மூவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு போவார்கள். திரும்பும்போதுதான் பாடு. உடம்பிலிருந்த நீரை இழுத்தெடுத்த பிறகு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வந்து சாய்வார்கள். அதற்கு மேல் அந்தப் பழைய டீசல் ஜீப்பின் உதறல், புகை, ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றும்போது முதுகில் விழும் இடி. ஒன்பது வருடம் ஓட்டிய வண்டி என்பதால் மெல்வினுக்கு ஜீப்பின் மேல் பிரியம் உண்டு. பின்சீட்டைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரியம் கொஞ்சம் குறையும்.

போன ஐப்பசி மாதம் மருத்துவமனைப் பொறுப்பாளர் சிஸ்டர் ஆன்மேரிக்கு ஒரு நல்ல சேதி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் நோயாளிகளுக்காக ஒரு மின்சாரக் கார் வாங்கித் தர முன்வந்தது. சேலத்து ஷோரூம் ஒன்றிலிருந்து விளம்பரத் தாள்கள் வந்தன. ஒரே கார்தான், ஆனால் மூன்று விதமாகக் கிடைத்தது. ஒன்றில் மோட்டார் முன்சக்கரங்களுக்கு நடுவில். இன்னொன்றில் பின்சக்கரங்களுக்கு நடுவில், சற்றுப் பெரியதாக. மூன்றாவதில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார்.

மெல்வின் யோசிக்கவே இல்லை. ஜீப் பக்கத்தில் நின்றபடி மூன்றாவது தாளில் விரலை வைத்தான்.

"இதுதாங்க சிஸ்டர். நாலு சக்கரமும் இழுக்கும். மலைக்குன்னே செஞ்சது."

"வில அதிகமா இருக்கே மெல்வின்."

"குடுக்கறவங்க குடுக்கறாங்க. வாங்கறப்பவே பெரிசா வாங்கிருலாமுங்க."

ஜீப்புக்குள்ளிருந்து வீராயியின் குரல் வந்தது. "ஏனுங் சிஸ்டர், அதுல ஏறிப் போறது நாங்க. எங்கள ஒரு வார்த்தை யாரும் கேக்க மாட்டீங்களா?"

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். வீராயி கேலியாகப் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, டயாலிசிஸ் ஊசி ஏறும் இடதுகையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கேக்காதது தப்புதான்" என்றார் சிஸ்டர். "மூணு வண்டியையும் ஒவ்வொரு தடவை ஓட்டிப் பாக்க ஷோரூம்ல தரச் சொல்றேன். நீங்களே ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க வீராயி. நீங்க சொல்றதத்தான் வாங்குவோம்."

மெல்வினுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. காரின் மோட்டாரைப் பற்றி வீராயக்காவுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டான். அந்த அம்மாள் தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர் என்பது அவனுக்குத் தெரியும். காப்பிப் பழம் பறித்திருப்பார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வண்டி வந்தது. அதோடு ஷோரூமின் சர்வீஸ் பொறியாளர் கனகாவும் வந்தாள். முப்பது வயது இருக்கும். விற்பனைப் பேச்சு பேசத் தெரியாதவள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முன்பக்க மூடியைத் திறந்து மோட்டார் இருக்கும் இடத்தைக் காட்டினாள். இதற்குள் சுற்றும் பாகத்தில் காந்தம் பதித்திருக்கிறது, இரட்டை மோட்டார் வண்டியில் மட்டும் முன்பக்க மோட்டார் வேறு வகை, அதில் காந்தமே கிடையாது என்று மெல்வினிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காந்தம் இல்லாம எப்படிங்க சுத்தும்?" என்றான் மெல்வின்.

"எங்க பல்பர் மோட்டார்ல காந்தம் கெடையாதுங்க தம்பி" என்றார் வீராயி. "அது சுத்துச்சே."

கனகா தலையை நிமிர்த்தினாள். வீராயி சாவகாசமாகச் சொன்னார். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் எந்திரத்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அவர். ஒரு சீசனில் மோட்டார் புகைந்துபோக, கம்பிச்சுருள் கட்டுகிற ஆள் சேலத்திலிருந்து வந்து அங்கேயே தரையில் பிரித்துப் போட்டார். வீராயி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். உள்ளே எங்கே காந்தம் என்று கேட்டார். வெளியே சுற்றியிருக்கும் கம்பியில் ஓடும் கரன்ட்டே உள்ளேயும் காந்தம் மாதிரி ஆக்கிவிடும் என்று அந்த ஆள் சொன்னாராம்.

"அப்ப கரன்ட் நின்னா அது வெறும் இரும்பு. தடையில்லாம சுத்தும்" என்றார் வீராயி. "காந்தம் வெச்சதுன்னா கரன்ட் இல்லாதப்பவும் புடிச்சு இழுத்துட்டு இருக்கும். அதுக்குத்தானே கண்ணு முன்னாடி மோட்டார்ல காந்தம் வெக்கல? சும்மா இருக்கறப்ப சொமையா இருக்கக் கூடாதுன்னு?"

"எனக்கு இது காலேஜ்ல ஒரு செமஸ்டர் ஆச்சுங்கம்மா" என்றாள் கனகா.

மெல்வின் பாட்டிலை எடுத்து வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். மூன்று வருடமாக அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று இருந்தது.

முதல் வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. இறக்கத்தில் மெல்வின் அசந்துபோனான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகத்தை இழுத்துப் பிடித்தது. மோட்டார் இப்போது கரன்ட் செய்கிறது, அந்த வேலைதான் வண்டியைப் பிடிக்கிறது என்றாள் முன்சீட்டில் இருந்த கனகா. கரடியூரில் எழுபத்தொரு சதவீதம் இருந்த பேட்டரி அடிவாரம் வந்தபோது எழுபத்து நான்கு காட்டியது. மலை இறங்கி எண்ணெய் கூடிய வண்டியை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பிரேக் காய்ந்த வாடையும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு. மேல இருந்து கிளம்பறப்போ நூறு சதவீதம் சார்ஜ் போட்டுடாதீங்க" என்றாள் கனகா. "பேட்டரி நெறஞ்சிருந்தா திரும்பி வர்ற கரன்ட்டுக்கு எடம் இருக்காது. அப்போ இப்படி இழுத்துப் பிடிக்காது, பிரேக்கத்தான் மிதிக்கணும்."

சாயங்காலம் திரும்பும்போது தூறல். ஆறாவது வளைவு வந்தது. மெல்வின் கண்ணாடியில் பார்த்தான். தேவசிகாமணி சார் கண்ணை மூடி அமைதியாக இருந்தார். ஏழு, எட்டு. இப்படியே போய்விடும் என்று நினைத்தபோது, ஒன்பதாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. வளைவின் செங்குத்தான மடிப்பிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பஸ் போன பின் மிதித்தபோது முன்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கிச் சுற்றின. உடனே வண்டி தானே மோட்டாரை அடக்கியது, பிறகு விட்டது, மறுபடி அடக்கியது. அந்த விட்டு விட்டு இழுத்ததில் தேவசிகாமணி சார் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினார்.

தலைச்சோலையில் வீராயி வீட்டுக்குப் போக ஒரு நூறடி மண்மேடு உண்டு. அதில் அந்த வண்டி பாதிக்கு மேல் போகவில்லை. வீராயி இறங்கி, கனகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தார். மெல்வின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

"மோட்டார் நல்ல மோட்டாருங் கண்ணு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் வீராயி. "அது இருக்கற எடந்தான் இந்த மேட்டுக்கு ஆகல. மேல ஏறும்போது பாரமெல்லாம் பின்னாடி சாஞ்சுருது. முன்னாடி சக்கரத்துக்குப் புடிமானம் எங்கிருந்து வரும்?"

"ஆமாங்கம்மா. சேலத்துக்குள்ள ஓட்டறவங்களுக்கு இதவிட நல்ல வண்டி சொல்ல மாட்டேன். இங்க ஆகாது" என்றாள் கனகா. தன் கடைச் சரக்கைப் பற்றி இவ்வளவு நேராக ஒருத்தி பேசி மெல்வின் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கனகா இரட்டை மோட்டார் வண்டியைக் கொண்டுவந்தாள். மெல்வின் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். சேலத்திலிருந்து திரும்பும்போது அவனுக்குக் கால் நிற்கவில்லை. மிதித்தால் மலை கீழே போவது மாதிரி இருந்தது. லாரியைத் தாண்ட மூச்சுவிடும் நேரம் போதும். ஒன்பதாவது வளைவு ஈரமாகத்தான் இருந்தது, வண்டி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மெல்வின் தன்னை மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். பத்தாவது வளைவு தாண்டி ஒரு மிதி மிதித்தபோது பின்னால் மூன்று தலைகளும் சீட்டில் போய் மோதிய சத்தம் கேட்டது.

"அண்ணா, வீராயம்மாவுக்கு என்னமோ பண்ணுது!" என்றாள் ரூபி.

நிறுத்திப் பார்த்தபோது வீராயியின் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. கனகா சீட்டைச் சாய்த்து அவர் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் கண் திறந்தார். மெல்வின் ரோட்டோரம் நின்றான். ஒன்பது வருடத்தில் அவன் ஓட்டி ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை.

"மன்னிச்சுக்கோங்க்கா. என் தப்புதான்."

"வண்டி அப்புடிங்க தம்பி. புதுசா வேகத்தக் கண்டா யாருக்குத்தான் கால் துறுதுறுக்காது." பிறகு கனகாவிடம் கேட்டார்: "இத மெதுவா இழுக்க வெக்க வழி இருக்குதா?"

இருந்தது. கனகா திரையில் ஒன்றைத் தொட்டு மென்மையான ஓட்டத்துக்கு மாற்றினாள். வீராயி குனிந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை வண்டித் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பத்து வளைவிலும் காலை எடுக்கவே இல்லை. வண்டி இப்போது எண்ணெயில் வழுக்குவது மாதிரி போனது. மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து நேராக வாசலுக்கு ஏறியது. மெல்வினுக்கு உயிர் வந்தது. இதுதான், மென்மையாக வைத்து ஓட்டினால் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தான்.

"கண்ணு, நீ மெதுவா வெச்சதுலருந்து முன்னாடி மோட்டார் வழி பூரா தூங்கிட்டே வந்துச்சு" என்றார் வீராயி.

கனகா திரும்பிப் பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணுதான் வேல செஞ்சுது. எங்காலுக்கு அடியிலதான் அதிர்வு வந்துச்சு. பதினேழாவது வளைவுல தண்ணி ஓடுச்சே, அங்க மட்டும் முன்னாடி இருந்து ஒரு ஊளை வந்துச்சு, ரெண்டு நிமிஷம் கூட இல்ல, ரெண்டு மூச்சு. அப்புறம் இங்க மேட்டுல ஒருக்கா. அவ்ளோதான்."

கனகா தன் மடிக்கணினியை எடுத்து வண்டியில் இணைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தாள். முன்மோட்டார் வேலை செய்த இடங்கள் இரண்டே இரண்டு கூம்புகளாக நின்றன. அவள் மெல்வினிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். மெல்வின் அந்தக் கூம்புகளைப் பார்த்தான். பிறகு வெறுங்காலோடு அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்த வீராயியைப் பார்த்தான். பல்பர் கூடத்துச் சிமெண்டுத் தரையில் இருபத்தாறு சீசன் நின்ற கால்கள். கம்ப்யூட்டர் சொல்வதை அவை முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தன. கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்மோட்டார் வண்டியைக் கொண்டுவந்தபோது, கனகாவுக்குச் சேலத்திலிருந்து மேனேஜர் போன் செய்தார். அவர் பேசியது வெளியே கேட்டது. இரட்டை மோட்டாரையே எடுத்துச் சொல்லச் சொன்னார். "அவங்களுக்கு எது ஒத்துவரும்னு அவங்க பாத்துட்டிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள் அவள்.

அன்றைக்கு மழை நன்றாகவே பெய்திருந்தது. திரும்பும்போது மெல்வின் ஒன்பதாவது வளைவின் மடிப்பில் வேண்டுமென்றே நிறுத்தினான். மெதுவாக மிதித்தான். பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறின. உதறலும் இல்லை, தயக்கமும் இல்லை. இரட்டை மோட்டாரின் அந்தத் துள்ளல் இதில் கிடையாது. ஆனால் கேட்ட இடத்தில், கேட்ட அளவு, கேட்ட நொடியில் கொடுத்தது. பதினொன்று தாண்டியது, பதினான்கும் தாண்டியது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. பாட்டில்கள் மூடியபடியே இருந்தன.

மண்மேட்டில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு கடித்துக்கொண்டு ஏறி வாசலில் நின்றது. மெல்வின் கைதட்டாத குறை.

"பொறுங்க தம்பி" என்றார் வீராயி. "காலையில என்னைய ஏத்த வெறும் வண்டியாத்தானே வரோணும்? எல்லாரும் எறங்கிக்கறோம். கீழ போய்ட்டு மறுக்கா ஏறி வாங்க."

அதுதான் வினையாயிற்று. பின்சீட்டில் ஆள் இல்லாததால் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, பாதி மேட்டில் வண்டி நின்று சேற்றை வாரி இறைத்தது. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை வேகம் எடுத்து வந்து, பக்கத்துக் காப்பிச் செடியை உரசிக்கொண்டு ஏறியது.

மறுநாள் மருத்துவமனை வாசலில் வீராயி, கனகா, மெல்வின் மூவரிடமும் சிஸ்டர் ஆன்மேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ ரெண்டு மோட்டார்தான் வேணும்போல இருக்கே" என்றார். மெல்வினுக்கும் உள்ளூர அந்த ஆசை எட்டிப் பார்த்தது. சொல்லவில்லை. வீராயி சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

"வேண்டாமுங் சிஸ்டர். மலை பூரா அந்த ஒத்த மோட்டாரே இழுக்குது, நொம்ப நல்லா இழுக்குது. எங்கூட்டு மேட்டுல நூறடிதான் தகராறு. அந்த நூறடிக்காக இன்னொரு மோட்டாரக் கட்டித் தூக்கிட்டு வாரம் ரெண்டு தடவ மலை ஏறி எறங்கறதுக்கு, அங்க ரெண்டு லோடு ஜல்லி கொட்டிட்டாப் போதுமுங்க."

கனகா வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க கம்பெனில இருக்கற யாருக்கும் இது தோணாதுங்கம்மா."

"மேட்ட மாத்த முடியாதுன்னு நெனச்சுட்டே மோட்டார் செஞ்சிருப்பாங்க கண்ணு. அதுவும் தப்பில்ல. எல்லா மேடும் நூறடியா இருக்குமா?"

சிஸ்டர் பின்மோட்டார் வண்டிக்கே எழுதிப்போட்டார். நன்கொடை கொடுத்தவர்கள் மிச்சப் பணத்தில் மருத்துவமனையிலேயே சார்ஜர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜல்லியை எஸ்டேட் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்களுமாக முப்பது பேர் சேர்ந்து மேட்டைக் கொத்தி, கல் பரப்பி, இறுக்கினார்கள். மெல்வின் மண்வெட்டி பிடித்தான். வீராயி மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வளைவில் இன்னும் இரண்டு கூடை போடச் சொல்லிக்கொண்டிருந்தார்; போட்டார்கள்.

கார் மார்கழி பிறந்த பிறகு வந்தது. அந்த முதல் வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு மெல்வின் கிளம்பியபோது அடிவாரத்தில் வெயில் இருந்தது. பாதி மலையில் மஞ்சுமூட்டம் இறங்கியது. அவன் ஒரே சீராக ஏறினான். முன்னால் போகும் யாரையும் தாண்டவில்லை. இருபதாவது வளைவு தாண்டி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது தேவசிகாமணி சார் தொண்டையைச் செருமினார். மெல்வின் பழக்க தோஷத்தில் பாட்டிலை எடுத்தான்.

"அது வேண்டாம் மெல்வின்" என்றார் சார். கூச்சமாகச் சொன்னார்: "பசிக்குது."

"எனக்குந்தாண்ணா" என்றாள் ரூபி.

மெல்வின் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். மூன்று வருடத்தில் திரும்பும் வழியில் இந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுநாள் காலையில்தான் அவர்களுக்குக் கஞ்சி இறங்கும்.

"என்னங்க்கா, உங்களுக்கு?"

"ரெண்டு இட்லி சாப்புடுவேனுங்க" என்றார் வீராயி. "சாம்பார் ஊத்தாம. தண்ணி கூடுனா சிஸ்டரு திட்டுவாங்க."

மெல்வின் கடைக்குள் போய், ஆவி பறக்கும் இட்லி எட்டு வாங்கி வந்து, கதவைத் திறந்து ஒவ்வொருவர் மடியிலும் இலையை விரித்து வைத்தான். பிறகு காரின் பின்பக்கத்தில் சாய்ந்து நின்று தன் பங்கைத் தின்றான். உள்ளே மூவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு இட்லி கிடைக்குமா என்று தேவசிகாமணி சார் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.